உங்களுக்குத் தெரியுமா? குட்டி நாடு, கொட்டிக் கிடக்கும் ஆச்சரியம்!

தமிழ்நாட்டை ஆறு பங்கு போட்டால் ஒரு பங்கு வருமே, அவ்வளவுதான் இஸ்ரேல்! மக்கள்தொகை சுமார் 1 கோடி. உலகம் முழுக்க இருக்கும் யூதர்களை எண்ணினாலும் 1 கோடியே 60 லட்சத்தைத் தொடுவதே கஷ்டம். ஆனால் தகவல்? அள்ள அள்ளக் குறையவில்லை! சலித்து எடுத்த சரக்கு இதோ. படியுங்கள், அசந்து போங்கள்!

நாடு பிறந்த கதை

★ டெல் அவீவ் நகரத்துக்கு மனை பிரித்தது எப்படித் தெரியுமா? கடற்கரைச் சிப்பியை வைத்து! 1909 ஏப்ரலில் மணல் மேட்டில் கூடியவை 66 குடும்பங்கள். வெள்ளைச் சிப்பியில் பெயர், சாம்பல் நிறச் சிப்பியில் மனை எண். ஒரு சிறுவன் ஒன்றை எடுத்தான், ஒரு சிறுமி இன்னொன்றை எடுத்தாள். குலுக்கல் முடிந்தது, ஊர் பிறந்தது!

★ அந்த மணல் மேட்டில் இன்று 'வெள்ளை நகரம்' நிற்கிறது. 1930-களின் நவீன பாணிக் கட்டடங்கள் மட்டும் சுமார் 4,000! 2003-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது!

★ 1948 மே 14, வெள்ளிக்கிழமை மாலை 4 மணி. இஸ்ரேல் பிரகடன விழா தொடங்கியது. சூரியன் மறைந்தால் யூதர்களின் ஓய்வுநாள் ஆரம்பித்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு நாட்டையே அறிவித்து முடிக்க ஆன நேரம்? 32 நிமிடம்!

★ அன்று தலைவர்கள் கையெழுத்துப் போட்ட தோல் சுருள் எப்படி இருந்தது? காலியாக! பிரகடனத்தை எழுதி முடிக்க நேரமில்லை. அடியில் கையெழுத்து முதலில், மேலே வாசகம் பிறகு! மொத்தக் கையெழுத்து 37!

★ நள்ளிரவில் புது நாடு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க அதிபர் ட்ரூமன் அங்கீகாரம் கொடுத்தார். எத்தனை நாள் கழித்து? நாளாவது! 11-வது நிமிடத்தில்!

★ தேசிய கீதம் 'ஹதிக்வா'. நாடு பிறந்த நாளிலிருந்து பாடுகிறார்கள். ஆனால் சட்டப்படி அது தேசிய கீதமானது 2004-ல்தான்! 56 வருடம் சட்டமே இல்லாமல் பாடியிருக்கிறார்கள்!

★ முதல் ஜனாதிபதி ஹைம் வைஸ்மன் ஒரு வேதியியல் விஞ்ஞானி. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்குத் தேவையான அசிட்டோனை மாவுச்சத்திலிருந்து எடுத்துக் காட்டியவர். தானியம் தட்டுப்பாடானதும் பிரிட்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குதிரைக் கஷ்கொட்டை பொறுக்க அனுப்பினார்கள். பீரங்கிக்காக!

★ வைஸ்மன் 1952-ல் காலமானார். அடுத்த ஜனாதிபதி பதவி யாரைத் தேடிப் போனது? ஆல்பர்ட் ஐன்ஸ்டீனை! அவர் மரியாதையாக 'வேண்டாம்' என்றுவிட்டார்!

★ உலகின் முதல் பெண் பிரதமர் இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க (1960). இரண்டாவது நம்ம இந்திரா காந்தி (1966). மூன்றாவது? இஸ்ரேலின் கோல்டா மேயர் (1969)! முதல் மூவரும் ஆசியாவிலிருந்து!

★ நாடாளுமன்றத்தில் 120 இடம். பெரும்பான்மைக்கு 61 போதும். 1949 முதல் இன்றுவரை ஒரு தேர்தலில்கூட எந்தக் கட்சியும் தனியாக 61 பிடித்ததில்லை! எல்லாமே கூட்டணி ஆட்சிதான்!

★ இங்கே ஜனாதிபதியாக இருந்தவரும் ஜெயிலுக்குப் போனார், பிரதமராக இருந்தவரும் போனார்! முன்னாள் ஜனாதிபதி மோஷே கட்சாவுக்கு 2011-ல் 7 ஆண்டு தண்டனை விதித்த அமர்வின் தலைமை நீதிபதி ஓர் அரபு இஸ்ரேலியர்! முன்னாள் பிரதமர் எஹூத் ஓல்மர்ட் உள்ளே போனது 2016-ல்!

★ ஜெருசலேமில் எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரே வெளிர் மஞ்சள் கல் பூச்சு. காரணம் ரசனை அல்ல, சட்டம்! ஆங்கிலேயர் ஆட்சியில் 1918-ல் போட்டது, நூறு வருடம் தாண்டியும் அமலில்!

மண்ணும் தண்ணீரும்

★ உலகின் நிலப்பரப்பில் மிகத் தாழ்வான இடம் சாக்கடல் கரை. கடல் மட்டத்துக்குக் கீழே 430 மீட்டருக்கும் மேல்! சாதாரணக் கடலைவிட ஏறக்குறைய 10 மடங்கு உப்பு. நீச்சல் தெரியாதவரும் மிதக்கலாம். ஆனால் நீர்மட்டம் வருடத்துக்கு ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டே போகிறது!

★ 1930-களில் சிம்ஹா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர் ஒரு மரத்தைப் பார்த்தார். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, ஆனால் பக்கத்து மரங்களைவிட ஓங்கி வளர்ந்திருந்தது. தோண்டினால், அடியில் ஒரு குழாய் துளித் துளியாய்க் கசிந்துகொண்டிருந்தது! பிறந்தது நவீன சொட்டுநீர்ப் பாசனம். 1965-ல் நெகேவ் பாலைவனத்தின் ஹட்ஸெரிம் கிப்புட்ஸில் (கூட்டு வாழ்வு ஊர்) நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கியது. இன்று நம்ம ஊர்த் தென்னந்தோப்பிலும் அதே சொட்டுதான்!

★ குளித்த தண்ணீர், கழுவிய தண்ணீர், கழிவறைத் தண்ணீர் எல்லாமே இங்கே வயலுக்குத்தான்! கழிவுநீரில் ஏறக்குறைய 90 சதவிகிதத்தைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். உலகிலேயே முதலிடம்!

★ மொட்டை மாடிக்கு மொட்டை மாடி சோலார் வாட்டர் ஹீட்டர்! 1980-லிருந்து புது வீடு கட்டினால் அது கட்டாயம் என்றே சட்டம். மின் கட்டணம் மிச்சம், வெந்நீர் இலவசம்!

★ வருடத்துக்கு இரண்டு தடவை இந்தக் குட்டி நாட்டின் வானத்தைக் கடக்கும் பறவைகள் எத்தனை? சுமார் 50 கோடி! ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற செங்கால் நாரைக்கும் கழுகுக்கும் இதுதான் நெடுஞ்சாலை. பறவைகளின் வழியைப் பார்த்து விமானப்படையே தன் பயிற்சிப் பாதையை மாற்றிக்கொள்கிறது!

★ வயலில் எலித் தொல்லையா? மருந்து வேண்டாம், கூகை போதும்! ஆயிரக்கணக்கான மரக்கூடுகளை வயல்களில் நட்டு கூகைகளைக் குடிவைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் இஸ்ரேல், ஜோர்டான், பாலஸ்தீன விஞ்ஞானிகள் மூவரும் கைகோத்தார்கள். எல்லையைக் கூகை மதிப்பதில்லையே!

★ இதைக் கேளுங்கள், அசந்துவிடுவீர்கள்! 1960-களில் மசாதா கோட்டையைத் தோண்டியபோது சில பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. வயது சுமார் 2,000! நாற்பது வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்திரமாகத் தூங்கின. 2005-ல் ஒன்றை எடுத்து ஊறவைத்து மண்ணில் ஊன்றினார்கள். சில வாரத்தில் முளை எட்டிப் பார்த்தது! பைபிளில் 969 வயது வாழ்ந்தவரான மெத்தூசலாவின் பெயரையே வைத்தார்கள். ஆனால் அது ஆண் மரம், காய்க்காது! பிறகு வேறொரு பழங்கொட்டையிலிருந்து 'ஹன்னா' என்ற பெண் மரம் வந்தது. இரண்டுக்கும் மகரந்தக் கல்யாணம் நடந்தது. 2020-ல் பறித்த பழம் 111!

★ ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கே விடுமுறை! உழக்கூடாது, விதைக்கக்கூடாது என்கிறது யூத வேதம். 2021 செப்டம்பரில் தொடங்கியது அப்படி ஒரு ஆண்டு. அடுத்தது 2028 செப்டம்பரில்!

★ உலகின் முதல் கிப்புட்ஸ் டெகானியா. தொடங்கியது 1910-ல், பத்து ஆண்களும் இரண்டு பெண்களும்! சொத்து பொது, சாப்பாடு பொது, சம்பளம் கிடையாது. பல கிப்புட்ஸ்களில் குழந்தைகள்கூட அப்பா அம்மாவோடு தூங்காமல் தனிக் குழந்தைகள் இல்லத்தில்தான் தூங்கின! இன்று நாட்டில் கிப்புட்ஸ்கள் சுமார் 270!

சனிக்கிழமையா? கப்சிப்!

★ ஓய்வுநாள் வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கி சனி இரவு முடியும். ஆசாரமான யூதர் அன்று ஸ்விட்ச் தொடமாட்டார். பத்தாவது மாடிக்கு எப்படிப் போவார்? அதற்கென்றே லிஃப்ட் உண்டு! யாரும் பொத்தானை அமுக்கவேண்டாம். ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று, தானே திறந்து, தானே கிளம்பும்!

★ நாட்டின் பெரிய விமான நிறுவனமான எல் ஆல் ஓய்வுநாளில் பறக்காது. வாரத்துக்கு ஒரு நாள் விமானங்களுக்கும் ஓய்வு!

★ ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக்கூடாது. குழந்தையைத் தூக்கலாமா? அதற்கும் வழி! ஊரைச் சுற்றி ஒரு கம்பி கட்டிவிட்டால் ஊரே ஒரே வீடு என்று கணக்கு. நியூயார்க்கின் மன்ஹாட்டனைச் சுற்றியும் அந்தக் கம்பி ஓடுகிறது! எங்காவது அறுந்திருக்கிறதா என்று வாராவாரம் ஆள் போய்ப் பார்க்கிறார்!

★ யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள். 25 மணி நேரம் அன்னம் தண்ணீர் கிடையாது! விமான நிலையம் மூடிவிடும். டி.வி. சேனல்கள் இருண்டுவிடும். கடை, பஸ், ரயில் எதுவும் இல்லை. அப்போது எட்டு வழி நெடுஞ்சாலையில் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள்! நடு ரோட்டில், கூட்டம் கூட்டமாக, ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லாமல்! சைக்கிள் வியாபாரம் சூடு பிடிப்பதே இந்த நோன்புக்கு முன்புதான்!

★ நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களுக்காக வருடத்துக்கு ஒரு நாள், காலை 10 மணிக்கு நாடெங்கும் சங்கு ஊதும். பறந்துகொண்டிருக்கும் கார்கள் நெடுஞ்சாலை நடுவிலேயே நிற்கும். ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கி, தலை குனிந்து நிற்பார். பஸ் காலியாகும். காய்கறி நிறுப்பவரின் கை தராசிலேயே நிற்கும். சரியாக 2 நிமிடம்!

★ பாலும் இறைச்சியும் சேரக்கூடாது என்பது யூத உணவு விதி. அதனால் ஆசாரமான வீட்டில் எல்லாமே இரண்டு! இரண்டு செட் பாத்திரம், இரண்டு செட் கரண்டி, வசதி இருந்தால் இரண்டு சிங்க்! இறைச்சி சாப்பிட்டால் பால் குடிக்கப் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள்!

★ பாஸ்கா பண்டிகையில் புளித்த மாவுப் பண்டம் யூதர் கையில் இருக்கவே கூடாது. அரசாங்கக் கிடங்கில் இருக்கும் மாவும் தானியமும்? யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள்! முறையான பத்திரம், முன்பணம் எல்லாம் உண்டு. பண்டிகை முடிந்ததும் சரக்கு மறுபடி அரசாங்கத்திடமே! வருடா வருடம் இதே வியாபாரம்!

★ ஹனுக்கா பண்டிகைக்கு ஒரு வீட்டுக்கு மெழுகுவத்தி எத்தனை வேண்டும்? முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2, எட்டாம் நாள் 8. தினமும் ஏற்றிவைக்க ஒரு துணைத் திரி. கூட்டிப் பாருங்கள், 44!

★ யூத ஆண்டில் சில சமயம் 13 மாதம்! 19 வருடத்தில் 7 தடவை ஒரு மாதம் கூடுதலாக வரும். 2025 செப்டம்பரில் அவர்களுக்குப் பிறந்த ஆண்டு 5786!

★ நாம் 'நூறாண்டு வாழ்க' என்போம். யூதர்கள் '120 வரை' என்பார்கள்! மோசே வாழ்ந்த வயது அது. நம்மைவிட 20 வருடம் தாராளம்!

எழுத்தும் ஏடும்

★ யூத வேதமான தோராவின் சுருளை இன்றும் இறகுப் பேனாவால் தோலில் கையால்தான் எழுதவேண்டும். மொத்த எழுத்து 3,04,805! ஒன்று விடுபட்டாலும் திருத்தும்வரை அந்தச் சுருளை ஓதக்கூடாது. படிக்கும்போது விரல் படக்கூடாது. அதற்கென்று நுனியில் குட்டிக் கை வைத்த வெள்ளிக் குச்சி உண்டு!

★ தினம் ஒரு ஏடு என்று யூதச் சட்ட நூலான தால்முதைப் படித்தால் முடிக்க எத்தனை நாள்? 2,711 நாள்! ஏறக்குறைய ஏழரை வருடம்! 1923-ல் தொடங்கிய பழக்கம். உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே ஏடு. ஒரு சுற்று முடிவதைக் கொண்டாட 2020 ஜனவரி 1-ல் நியூஜெர்சி கால்பந்து மைதானத்தில் கூடியவர்கள் சுமார் 90,000!

★ பல நூற்றாண்டுகள் யார் வீட்டிலும் தாய்மொழியாக இல்லாத ஹீப்ருவை ஒரே மனிதர் தன் வீட்டில் ஆரம்பித்துவைத்தார்! எலியேசர் பென் யெஹூதா 1881-ல் ஜெருசலேம் வந்தார். 1882-ல் மகன் பிறந்தான். அவன் காதில் வேறு மொழியே விழக்கூடாது என்று கண்டிப்பு! அம்மா ஒருநாள் ரஷ்ய மொழியில் தாலாட்டுப் பாடியதற்கு வீட்டில் பெரிய ரகளை! அவர் தொடங்கிவைத்த அகராதி கடைசியில் 17 தொகுதி. இன்று ஹீப்ரு பேசுவோர் 90 லட்சம்!

★ 1947, சாக்கடல் ஓரத்துக் கும்ரான். காணாமல்போன ஆட்டைத் தேடிய இடையச் சிறுவன் குகைக்குள் கல்லெறிந்தான். 'டங்' என்று மண்ஜாடி உடைந்த சத்தம்! உள்ளே 2,000 வருடத்துச் சுருள்கள்! ஏசாயா சுருளின் நீளம் மட்டும் 7 மீட்டருக்கு மேல். இனிதான் வேடிக்கை. 1954-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வரி விளம்பரப் பகுதியில் நாலு சாக்கடல் சுருள் விற்பனைக்கு வந்தது. ஆமாம், பழைய சாமான் விற்கும் பத்தியில்! இஸ்ரேல் சத்தமில்லாமல் வாங்கிவிட்டது. விலை 2,50,000 டாலர்!

★ 'கடவுள், ஜெருசலேம்' என்று மட்டும் முகவரி எழுதித் தபாலில் போடுங்கள். போய்ச் சேரும்! அஞ்சல் துறை அவற்றைத் தனியாகச் சேர்த்து, யூதர்களின் புனிதமான மேற்குச் சுவரின் கல் இடுக்கில் கொண்டுபோய்ச் செருகிவிடும்! வருடத்துக்கு இரண்டு முறை சுவரைச் சுத்தம் செய்வார்கள். எடுக்கும் சீட்டுகளை எரிப்பதில்லை, ஒலிவ மலையில் புதைக்கிறார்கள்!

★ ஐசக் நியூட்டனின் மதக் குறிப்புகள் எங்கே இருக்கின்றன? ஜெருசலேமில், இஸ்ரேல் தேசிய நூலகத்தில்! சுமார் 7,500 பக்கம். 2060-க்கு முன் உலக முடிவு வராது என்று அவர் கணக்குப் போட்ட தாளும் அங்கேதான்!

★ 'நான் செத்ததும் எல்லாவற்றையும் எரித்துவிடு' என்று நண்பர் மாக்ஸ் பிராடிடம் சொன்னார் எழுத்தாளர் காஃப்கா. பிராட் எரிக்கவில்லை! 1939-ல் நாஜிகள் பிராகுக்குள் நுழைய, பிராட் பெட்டி நிறைய அந்தத் தாள்களோடு ரயிலேறினார். பிற்பாடு அவற்றுக்காகப் பல வருட வழக்கு! கடைசியாக சுவிஸ் வங்கிப் பெட்டகம் திறந்து தாள்கள் ஜெருசலேம் வந்தது 2019-ல்!

★ இன்றைய இஸ்ரேல் பணத்தாளில் யார் முகம்? தளபதியா, பிரதமரா? இல்லவே இல்லை! 20, 50, 100, 200 ஷெக்கெல் நாலு தாளிலும் கவிஞர்கள்! இரண்டு பெண், இரண்டு ஆண்!

★ எழுத்தாளர் ஷ்மூவெல் யோசெப் அக்னோன் 1966-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் தெருவில் ஜெருசலேம் மாநகராட்சி வைத்த பலகை என்ன சொன்னது? 'சத்தம் போடாதீர்கள், அக்னோன் எழுதுகிறார்!'

★ ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழிப் புத்தகங்கள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1980-ல் ஆரன் லான்ஸ்கி என்ற 24 வயது அமெரிக்க மாணவர் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். உலகத்திலேயே மிஞ்சியது 70,000 புத்தகம்தான் என்றார்கள் அறிஞர்கள். அவர் சேர்த்தது 10 லட்சத்துக்கு மேல்!

வானத்திலே ஒரு சாதனை!

★ 1991 மே மாதம். எத்தியோப்பியாவில் உள்நாட்டுப் போர். 36 மணி நேரத்தில் 14,325 யூதர்களை விமானத்தில் தூக்கிவந்தது இஸ்ரேல்! ஒரு ஜம்போ விமானத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஆள் ஏற்றினார்கள். இறங்கியபோது எண்ணிக்கை 1,088. அதில் இரண்டு, நடுவானில் பிறந்த குழந்தைகள்! கின்னஸ் சாதனை!

★ அதற்கு முன்பே ஒரு கூத்து. 1980-களில் சூடானின் செங்கடல் கரையில் அருமையான நீச்சல் விடுதி. ஐரோப்பியப் பயணிகள் வந்து தங்கி, முக்குளித்துப் போனார்கள். நடத்தியது யார்? இஸ்ரேல் உளவுத்துறை மொசாட்! பகலில் சுற்றுலா, இரவில் எத்தியோப்பிய யூதர்களைக் கடத்திக் காப்பாற்றும் வேலை! விருந்தாளிகளுக்கு விஷயமே தெரியாது!

★ 1940, லிதுவேனியா. ஜப்பான் துணைத் தூதர் சியூனே சுகிஹாரா மேலிடம் மறுத்தும் யூத அகதிகளுக்கு விசா எழுதித் தள்ளினார். கையாலேயே! 2,000-க்கும் மேல்! தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில்!

★ கல்பனா சாவ்லாவோடு கொலம்பியா விண்கலத்தில் பறந்தவர் இலான் ரமோன், முதல் இஸ்ரேலிய விண்வெளி வீரர். 2003 பிப்ரவரி 1-ல் விண்கலம் சிதறியது. ரமோனின் நாட்குறிப்பில் 37 பக்கம் டெக்சாஸ் வயலில் கிடைத்தது, எரியாமல்! அவர் கொண்டுபோனது அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்ட பீட்டர் கின்ஸ் என்ற சிறுவன் வரைந்த நிலா ஓவியத்தின் பிரதி. பீட்டர் பிறந்த நாள் எது? அதே பிப்ரவரி 1!

★ பொதுவாக ராக்கெட்டைக் கிழக்கே விடுவார்கள். பூமி சுழற்சி இலவசமாகத் தள்ளிக்கொடுக்கும். இஸ்ரேலோ மேற்கே, மத்தியதரைக் கடல் பக்கம் விடுகிறது! கிழக்கே அண்டை நாடுகள், வேறு வழியில்லை! 1988-லிருந்து இப்படித்தான். இன்னொரு தகவல்: 2008-ல் இஸ்ரேலின் டெக்சார் செயற்கைக்கோளை ஏவிக்கொடுத்தது யார்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்ம பி.எஸ்.எல்.வி!

உலகமே உபயோகிக்கிறது!

★ உலக மக்களில் யூதர் வெறும் 0.2 சதவிகிதம். நோபல் பரிசு பெற்ற தனிநபர்களில்? 20 சதவிகிதத்துக்கும் மேல்! ஐந்து பேரில் ஒருவர்!

★ போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் யூதர். நம்ம குழந்தைகள் வாயில் விழுந்த சொட்டு மருந்தைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் சேபினும் யூதர்! இருவரும் அதற்குக் காப்புரிமை வாங்கி ஒரு டாலர் சம்பாதிக்கவில்லை!

★ விழுங்கும் கேமரா! ஏவுகணைக்குக் கண் வடிவமைத்த பொறியாளர் கேவ்ரியேல் இத்தான், அதே மூளையைக் குடல் பக்கம் திருப்பினார். 26 மில்லிமீட்டர் மாத்திரை. விழுங்கினால் சிறுகுடலைப் படம் பிடித்துக்கொண்டே போகும்! 2001-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது!

★ முதன்முதலில் விற்பனைக்கு வந்த பென் டிரைவ்களில் ஒன்று இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரிப்பு. ஆண்டு 2000. கொள்ளளவு 8 எம்.பி! இன்று ஒரு கல்யாண வீட்டு போட்டோ இரண்டு அடங்காது!

★ சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் யூத இளைஞர்கள். 1938-ல் உரிமையை எவ்வளவுக்கு விற்றார்கள்? வெறும் 130 டாலருக்கு!

★ பார்பி பொம்மையைப் படைத்த ரூத் ஹேண்ட்லரும் யூதப் பெண்தான். மகள் பெயர் பார்பரா, அதனால் பார்பி! மகன் பெயர் கென், அதனால் கென்! பொம்மை உலகின் காதல் ஜோடி, வீட்டில் அக்காவும் தம்பியும்!

★ ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் செப்பு ஆணி இருக்கிறதே, அதற்கு 1873-ல் காப்புரிமை வாங்கியவர்கள் லீவை ஸ்ட்ராஸ், தையற்காரர் ஜேக்கப் டேவிஸ். இருவருமே குடியேறி வந்த யூதர்கள்!

★ ஹாலிவுட் பேரழகி ஹெடி லமார், வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1942-ல் அவர் வாங்கிய காப்புரிமை எதற்கு? எதிரி குறுக்கிட முடியாதபடி அலைவரிசையைத் தாவவிடும் ரேடியோ உத்திக்கு! ப்ளூடூத்தும் இதே தாவல் தத்துவத்தில்தான் ஓடுகிறது!

★ இஸ்ரேல் குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே 'பம்பா' என்ற வேர்க்கடலைப் பொரியைக் கொறிப்பார்கள். பிரிட்டன் யூதக் குழந்தைகளைவிட அவர்களுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை சுமார் 10 மடங்கு குறைவு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்! அதன்பின் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. 'கடலையைத் தள்ளிவை' என்று சொல்லிவந்த மருத்துவ அறிவுரையே தலைகீழானது!

★ ஹம்மஸ் யாருடையது? 2010-ல் இஸ்ரேலின் அபூ கோஷ் ஊரில் ஒரு சாட்டிலைட் டிஷ்ஷையே தட்டாக்கி 4,090 கிலோ ஹம்மஸ் பரிமாறிச் சாதனை படைத்தார்கள். லெபனான் சும்மா விடுமா? சில மாதத்தில் 10,452 கிலோ! லெபனானின் பரப்பளவும் 10,452 சதுர கி.மீ.!

நம்ம பக்கம் வாருங்கள்!

★ பம்பாயில் பிளேக் தலைவிரித்தாடிய நேரம். ஒடெசாவில் பிறந்த யூத விஞ்ஞானி வால்டெமர் ஹாஃப்கின் அங்கேயே தடுப்பூசி தயாரித்தார். முதலில் குத்திக்கொண்டது யார்? அவரேதான்! 1897 ஜனவரி 10!

★ 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படையினர் சரணடைந்தார்களே, அந்தச் சரணாகதியைப் பேசி முடித்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் கல்கத்தாவில் பிறந்த யூதர்! பிறகு கோவாவுக்கும் பஞ்சாபுக்கும் ஆளுநரானார்!

★ முதல் மிஸ் இந்தியா (1947) பிரமிளா. இயற்பெயர் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம், கல்கத்தா யூதப் பெண்! 1967-ல் மகளும் அதே பட்டம் வாங்கினார்!

★ 1964 ஆசியக் கோப்பைக் கால்பந்தில் சாம்பியன் இஸ்ரேல். இரண்டாமிடம்? இந்தியா! ஆமாம், நம்ம இந்தியாதான்! இஸ்ரேல் இன்று ஐரோப்பிய அணிகளோடு ஆடுகிறது!

★ 2012 மாஸ்கோ. உலகச் செஸ் பட்டத்துக்கு விஸ்வநாதன் ஆனந்தோடு மோதியவர் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபண்ட். 12 ஆட்டம் முடிவில் 6-6! விரைவு ஆட்டத்தில் ஜெயித்தார் நம்ம சென்னைக்காரர்!

★ சென்னை ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெரு தெரியுமா? இத்தாலியிலிருந்து பவளம் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களின் வியாபாரம் இங்கே நடந்தது! 1688-ல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினர்களிலும் யூதர்கள் உண்டு!

★ கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றில் தேய்ந்த தாள்களைத் தூக்கிப்போடாமல் ஓர் அறையில் சேர்த்துவைத்தார்கள். 3 லட்சத்துக்கும் மேல்! அதில் 12-ம் நூற்றாண்டில் மங்களூரில் குடியிருந்த ஆபிரகாம் பென் யிஜுவின் வியாபாரக் கடிதங்களும் உண்டு. மிளகும் பாக்கும் போயின, காகிதமும் சர்க்கரையும் வந்தன! அங்கே அவர் குடும்பம் நடத்தியது ஆஷு என்ற உள்ளூர்ப் பெண்ணோடு!

★ இது நம்ம ஸ்பெஷல்! சுமார் கி.பி. 1000. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து! பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று 72 உரிமைகள். எத்தனை காலத்துக்கு? உலகும் நிலாவும் உள்ளவரை! 2017-ல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது கையோடு கொண்டுபோன பரிசு எது? இந்தச் செப்பேட்டின் நகல்!

★ கொச்சியில் இருந்த ஒரு ஜெப ஆலயத்தின் உட்புறத்தை, மரச்சிற்பத்தோடு அப்படியே பெயர்த்து ஜெருசலேம் கொண்டுபோய்விட்டார்கள்! இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். கேரளத் தச்சன் கைவேலை, ஜெருசலேம் விளக்கு வெளிச்சத்தில்!

★ ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் டேவிட் ஷுல்மன். தமிழின் வாழ்க்கை வரலாற்றையே 2016-ல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அதே ஆண்டு நாட்டின் உயரிய இஸ்ரேல் பரிசும் கிடைத்தது. பரிசுப் பணத்தை என்ன செய்தார்? யூதரும் அரபியரும் சேர்ந்து நடத்தும் ஒரு அமைதி இயக்கத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டார்!

★ கடைசியாக, நீங்களே போய்ப் பார்க்கக்கூடிய ஒன்று! கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். தரையில் சீனாவிலிருந்து வந்த நீல, வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடக்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: சனிக்கிழமை டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், பூட்டியிருக்கும்!